அறுபதுக்குமேல் ஆசையும் பக்தியும்: திண்ணையில் கேட்ட கேள்விகள்

நான் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மாலை ஐந்து மணிக்குமேல் பிரஷர் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். தெருவில் உள்ள பெரியவர்கள் வருவார்கள். விரலில் ஊசி குத்தி, ரத்தச் சொட்டு பட்டையில் ஏறி, எண் தெரிவதற்குச் சில விநாடிகள் ஆகும். கேட்க நினைத்து வந்ததைப் பலரும் அந்தச் சில விநாடிகளில்தான் கேட்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை அல்லவா, இருவரும் கருவியைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர் யாரென்று தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன். மருந்து பற்றி நான் சொல்வது பொதுவானது. உங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் உங்களுக்கு உரியது.

பேரன் பேத்தி எடுத்த வயதில் இந்த ஆசை வருவது தப்பா, சிஸ்டர்? கோயில் குளம் என்று இருக்க வேண்டிய வயதில்லையா?

தப்பில்லை. உடம்பு இருக்கும்வரை ஒரு கை மேலே பட வேண்டும் என்ற ஏக்கமும் இருக்கும். அறுபதில் ஆசை வற்றிவிடுகிறவர்கள் உண்டு. எண்பதிலும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் என்பவர்களும் உண்டு. இரண்டும் நோயல்ல.

‘கோயில் குளம் என்று இரு’ என்பவர்களிடம் நான் எந்தக் கோயில் என்று கேட்பேன். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவொற்றியூர். அங்கே கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர், உடம்பை இழித்தும் பெண்ணாசையைச் சாடியும் பாடியவர். அவர் பாட்டை நம் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்வதற்கு ஆள் பஞ்சமே இல்லை. அதே ஊரில்தான் தியாகராசர் கோயிலும் இருக்கிறது. அங்கே பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்த சுந்தரர், அவளை எனக்குத் தர வேண்டும் என்று சிவனிடமே போய் நின்றார். சிவனும் சங்கிலியாரின் கனவில் தோன்றி அவருக்காகப் பேசினார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்து மணந்த சுந்தரர், பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது இரண்டு கண்களும் போயின. ஆசைப்பட்ட அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்த்தை தவறிய அன்றுதான் கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இன்றைக்கும் அந்தச் சத்தியத்தைக் கொண்டாடுகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு பேரும் இருக்கும்போது, வயதானவர்களுக்கு மட்டும் ஏன் பட்டினத்தாரையே காட்டுகிறோம் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை.

என் கணவருக்கு 61 வயது. இரண்டு வருடமாக மாலைமேல் மாலை போடுகிறார். கழற்றினால் உடனே அடுத்த விரதம். என் பக்கமே வருவதில்லை. சாமி காரியம் என்பதால் கேட்கவும் முடியவில்லை.

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்.

ஐயப்பனுக்கு ஒரு மண்டலம், 41 நாள். அது முடிந்தால் தைப்பூசத்துக்கு முருகன். பிறகு ஏதாவது ஓர் அம்மன். இதில் உண்மையான பக்தி இருக்கலாம், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இப்படி மாலையோடு வந்த ஒருவருக்கு ஒரு நாள் சர்க்கரை பார்த்தேன், 318 இருந்தது. எண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: “ஒரு வருடமாக என்னால் முடியவில்லை, சிஸ்டர். மாலை போட்டிருந்தால் அவள் கேட்க மாட்டாள்.”

சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் சின்ன ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சன்னமானவை. அதனால் அடைப்பு முதலில் அங்கேதான் தன்னைக் காட்டும். விறைப்புக் குறைபாடு வந்த சில ஆண்டுகளுக்குள் மாரடைப்பு வருபவர்கள் உண்டு. மாலைக்குப் பின்னால் இதை மறைத்தால், மனைவியிடமிருந்து மட்டும் மறைப்பதாக முடியாது. சில பிரஷர் மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளும்கூட இதே தொந்தரவைத் தரும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. சொன்னால் மாற்றித் தருவார்கள். 2021இலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை கொண்டுவரும் பெண் இதைக் கேட்க மாட்டார். உங்கள் கணவர்தான் வாயைத் திறந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் மாலையைப் பற்றி எதுவும் பேசாதீர்கள், சண்டைதான் வரும். “உடம்புக்கு ஏதாவது தொந்தரவா? எதுவாக இருந்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, ஈ.சி.ஜி. மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள். பரிசோதனை என்றால் ஆண்கள் எழுந்து வந்துவிடுவார்கள். பேச்சு என்றால்தான் ஓட்டம்.

எனக்கு 56 வயது. சேர்ந்தால் எரிகிறது, வலிக்கிறது. அதனால் விரதம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லிச் சாமியை இழுப்பது பாவமா?

நாட்காட்டியை நானும் பார்த்திருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, கிருத்திகை முருகனுக்கு, பிரதோஷம் சிவனுக்கு. வீட்டுக்காரருக்கு ஒதுக்க மீதி நாளே இல்லை.

பாவக் கணக்கு எனக்குத் தெரியாது, வலிக் கணக்கு தெரியும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பெண்ணுறுப்பின் உள்தோல் மெலிந்து, ஈரம் வற்றிவிடும். வலிக்குக் காரணம் அதுதான். இதற்கென்றே தண்ணீரில் கரையும் ஜெல் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் ஆணுறை போட்டால் எண்ணெய் வேண்டாம், ரப்பரை அரித்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் மகளிர் மருத்துவர் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், இனி எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் பெண்கள் இந்தத் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒன்றும் முடியவில்லை. ஆறிய பிறகு சேரலாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு முழுதாக நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே ஓ.பி. சீட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

அன்றிரவு சேர்ந்தால் மறுநாள் விளக்கேற்றலாமா?

குளித்துவிட்டு ஏற்றுங்கள். இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

விந்து விட்டான் நொந்து கெட்டான் என்கிறார்களே. வயதான காலத்தில் சக்தியைச் சேமித்தால்தானே தியானம் கைகூடும்?

அந்தப் பழமொழியைச் சொல்லிப் பயமுறுத்தியே இந்த ஊரில் லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்கிறவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். விந்து ரத்தத்திலிருந்து வடிகட்டி எடுக்கும் சரக்கு அல்ல. உடம்பு அதைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். வெளியேறினால் ஆயுள் குறையாது, உள்ளே நிறுத்தினால் கூடாது. சிறுநீரோடு வெள்ளையாகப் போகிறது என்று கவலையாக இருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை போதும்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அரும்பாக்கத்தில் அரசே நடத்துகிறது, அங்கே படித்த மருத்துவர் பார்ப்பார். பெயரில்லாத டப்பாவில் வரும் லேகியம் வேறு. ‘சாப்பிட்ட அரை மணியில் வேலை செய்கிறது’ என்றால் அதில் ஆங்கில மாத்திரையைப் பொடித்துப் போட்டிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். அடுத்த கேள்வியைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

தியானத்துக்காகத் தள்ளியிருக்க விரும்பினால் இருங்கள், அது உங்கள் வழி. ஆனால் திருமூலரைக் காட்டி உடம்பை வெறுக்காதீர்கள். உடம்பை இழுக்கு என்று முன்பு இருந்தேன், அதற்குள்ளேதான் உறுபொருளைக் கண்டேன் என்றவர் அவர்.

ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. சேரலாமா? மாத்திரை போடலாமா?

நெஞ்சுவலியோ பெருமூச்சோ இல்லாமல் இரண்டு மாடி ஏறி இறங்க முடிந்தால், பெரும்பாலோருக்கு இதயம் அந்த அளவு உழைப்பைத் தாங்கும். இருந்தாலும் உங்கள் இதய மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மாத்திரை விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். சில்டெனாஃபில், டடாலஃபில் என்ற இரண்டும் ரத்தக் குழாயை விரிப்பவை. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்துகளும் விரிப்பவை. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தலைகீழாக விழும், ஆள் எழுந்திருக்காமலே போகலாம். சில்டெனாஃபில் போட்ட பிறகு 24 மணி நேரமாவது, டடாலஃபில் என்றால் 48 மணி நேரமாவது நைட்ரேட் கூடாது. நண்பர் கொடுத்தார் என்று போட்டுவிட்டு நெஞ்சுவலி வந்தால் 108 ஆம்புலன்சிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். நான் வேலை பார்த்த ஓர் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒருவர் கடைசிவரை சொல்லவில்லை. பக்கத்தில் மருமகள் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எந்த ஆண் வந்தாலும் முதலில் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, காதருகே குனிந்து கேட்பேன்.

எங்களுக்கு இடமே இல்லை. ஓர் அறை, ஒரு கூடம். அறையில் மகனும் மருமகளும். நான் பேத்தியோடு சமையலறையில், அவர் மொட்டைமாடியில். இருபது வருடமாக இப்படித்தான்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரை முக்கால்வாசி வீட்டுக் கதை இது. மகன் கல்யாணத்தன்று கட்டிலோடு பெற்றோரின் தாம்பத்தியமும் அறையைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பிறகு பார்த்தால், ‘அப்பா இப்போதெல்லாம் கோயிலே கதி என்று இருக்கிறார்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். படுக்க இடமில்லாதவர் மண்டபத்தில் போய் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பக்தி என்று பெயர் வந்துவிடும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு தம்பதியைத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளே பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். எதற்கு என்று அவளும் சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. முதல் மாதம் பெரியவர் கடைக்குப் போய், அறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே திருகாணி முடுக்கினாராம். பழையது பத்து வருடமாக விழாமல் இருந்தது. அதைச் சொன்னபோது அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் அடக்க முடியவில்லை.

அப்படி ஒரு மருமகள் கிடைக்காவிட்டால் இருவருமாக வெளியே போங்கள். 2021இலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. திருவொற்றியூரில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு, கடற்காற்றில் ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குப் போகிறோம் என்றால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த ஒரு பொய்யை மட்டும் நான் அனுமதிக்கிறேன், அதுவும் முழுப் பொய் இல்லை.

இருவருமே போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். இனி ஜெபமும் ஊழியமுமாக இருக்க ஆசை. இதிலும் ஏதாவது குறை இருக்கிறதா?

இருவரும் பேசி எடுத்த முடிவு என்றால் ஒரு குறையும் இல்லை. ராயபுரம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி என்பதால் உங்கள் வேதத்திலிருந்தே சொல்கிறேன். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஏழாம் அதிகாரத்தில், உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் கணவனும் மனைவியும் பிரிந்திருப்பதென்றால் அது இருவர் சம்மதத்தோடும் சில காலத்துக்குமே என்று பவுல் எழுதுகிறார்.

நம் தொல்காப்பியமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ‘காமம் சான்ற கடைக்கோட் காலை’, அதாவது காமம் நிறைந்து கனிந்த கடைசிக் காலத்தில், பிள்ளைகளோடும் சுற்றத்தோடும் கூடி, ‘கிழவனும் கிழத்தியும் சிறந்தது பயிற்றல்’ என்கிறது. அங்கே கிழவன் என்றால் உரியவன், கிழத்தி என்றால் உரியவள். நாம்தான் அந்தச் சொல்லைக் கைத்தடி கொடுத்து உட்கார வைத்துவிட்டோம். சிறந்ததைத் தேடும் பயணத்திலும் இருவரும் சேர்ந்தே போகிறார்கள் பாருங்கள். ஒருவர் சாமியறையிலும் இன்னொருவர் அழுதுகொண்டு சமையலறையிலும் இல்லை.

ஒருவர் மட்டும் எடுத்த முடிவு எப்படி இருக்கும் என்பதற்குத் திருநீலகண்டர் கதை இருக்கிறது. சிதம்பரத்தில் குயவர். பரத்தை வீட்டுக்குப் போய்வந்தார் என்று மனைவி ஆணையிட்டுத் தடுத்தார். ‘எம்மை’த் தொடக் கூடாது என்று பன்மையில் சொல்லிவிட்டதால், இனி எந்தப் பெண்ணையும் தொடுவதில்லை என்று அவரும் இருந்துவிட்டார். ஊருக்குத் தெரியாமல், ஒரே கூரையின் கீழ், கிழப்பருவம் வரை. கடைசியில் சிவன் வந்து, ஒரு மூங்கில் கழியின் இரு முனையை இருவரும் பிடித்துக்கொண்டு குளத்தில் முங்க வைத்தார். எழுந்தபோது இளமையாக இருந்தார்கள். சாமி கொடுத்த பரிசு என்னவென்று யோசித்தால் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். முக்தியை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் இழந்த வயதைத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு விருப்பமே இல்லை. அவர் விடுவதில்லை. மனைவியின் கடமை என்று பிரசங்கத்தில் கேட்டதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கடமை என்ற சொல்லை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். மேற்சொன்ன நிருபத்தில் கணவனின் உடம்பின்மீதும் மனைவிக்கு அதிகாரம் உண்டு என்று அடுத்த வரியே இருக்கிறது. அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், 40 வருடம் வாழ்ந்திருந்தாலும். அடி, மிரட்டல் என்று போனால் 181க்குக் கூப்பிடுங்கள், இது பெண்களுக்கான உதவி எண். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும், வயது வரம்பு கிடையாது.

மனைவி இறந்து ஆறு வருடம். எனக்கு 66. ஒரு விதவைப் பெண்ணோடு பழக்கம், மணந்துகொள்ள ஆசை. பிள்ளைகள் ‘அம்மாவுக்குத் துரோகம்’ என்கிறார்கள்.

ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது 1856இல். இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. ரயில் எவ்வளவோ தூரம் போய்விட்டது.

பிள்ளைகள் துரோகம் என்று சொல்லும் இடத்தில் பாதி நேரம் வீட்டுப் பத்திரம் என்று படித்துக்கொள்ளலாம். என் வாய் கொஞ்சம் அதிகம், மன்னிக்கவும். ஆகவே சொத்தை முதலில் பேசி உயிலைப் பதிவு செய்துவிடுங்கள், அழுகை பாதியாகக் குறையும். சுயமரியாதைத் திருமணம் 1967 சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் செல்லும். மதம் வேறு என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம், 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இஸ்லாமியப் பெண் என்றால் கணவர் இறந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பு முடிந்திருக்க வேண்டும். அந்த அம்மா முதல் கணவரின் குடும்ப ஓய்வூதியம் வாங்கினால், மறுமணத்தால் அது நின்றுபோகலாம். அலுவலகத்தில் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இப்போது மிரட்டலுக்குப் பயப்படுகிறவர்கள், மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567இல் பேசலாம்.

இறந்துபோன மனைவிக்குத் திதி கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. புதிதாக வருகிற அம்மாவும் தன் கணவர் படத்துக்குப் பூ வைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஒரே சுவரில் இரண்டு படம் மாட்டிய வீட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே முழம் பூவைக் கிள்ளிப் போட்டிருந்தார்கள்.

எனக்கு 63. என் மனம் போனது எப்போதும் ஆண்களிடம்தான். ஊருக்காகக் கல்யாணம் செய்துகொண்டேன், மனைவி இறந்துவிட்டாள். நண்பர் ஒருவர் முப்பது வருடமாக இருக்கிறார். கோயிலுக்குள் போகக் கூசுகிறது.

குற்றம் என்று இருந்த சட்டப் பிரிவை, விரும்பிச் சேரும் வயதுவந்தவர்களைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கிவிட்டது. சட்டம் விட்டதை மனம் விடுவதற்கு நாளாகும். அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அர்ச்சனைக்கு இரண்டு பேர் நட்சத்திரத்தையும் சொல்லுங்கள். புதிய உறவு எதுவானாலும், ஆணோ பெண்ணோ, ஆணுறை வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது.

மாமனாருக்கு 78. ஒழுக்கமானவர், தேவாரம் ஓதுவார். ஆறு மாதமாக வேட்டியை அவிழ்க்கிறார், வேலைக்காரப் பெண்ணின் கையைப் பிடிக்கிறார். மகன் அடித்துவிட்டார்.

அடிக்காதீர்கள். இத்தனை வருடம் மறைத்து வைத்த குணம் இப்போது வெளிவருகிறது என்றும் பேசாதீர்கள். மூளையின் முன்பகுதி தேயும்போது, இது கூடாது என்று தடுக்கும் பிடி தளர்ந்துவிடும். மறதி நோயில் இது வரும். சிறுநீர்த் தொற்று, அரிப்பு, புது மாத்திரை என்று எளிய காரணமும் இருக்கலாம், அதனால் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வேலைக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, அவரைத் தனியாக மாமனார் அறைக்கு அனுப்பாதீர்கள். பேரப்பிள்ளைகளையும் தனியே விட வேண்டாம். கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கும், துண்டோ மாலையோ கொடுங்கள். தேவாரத்தைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கூடவே ஓதுவார். பேர் மறந்தவர்களுக்கும் பாட்டு மறப்பதில்லை, பலமுறை பார்த்துவிட்டேன்.

எனக்கு 71. அந்த ஆசையெல்லாம் இல்லை. ஆனால் அவர் போனதிலிருந்து என்னை யாருமே தொட்டதில்லை, சிஸ்டர். இதற்கு என்ன பெயர்?

இதற்குத் தனிப் பெயர் ஒன்றும் இல்லை, மருந்தும் எழுத மாட்டார்கள். காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வரும் வழியில் வாரம் ஒருமுறை வருபவர் அவர். கூடையைப் படியில் வைத்துவிட்டு, துடைத்த விரலை நீட்டுவார். அன்றைக்கு எண் 142. சொன்னேன், தலையாட்டினார். பஞ்சை எடுத்துவிட்டேன், ரத்தம் நின்றிருந்தது. அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. அடுத்தவர் வந்து செருப்பைக் கழற்றும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். இப்போதும் ஒவ்வொரு வாரமும் வருகிறார். சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது.